விலை உயர்ந்த மட்டை பந்தைக் குழியில் சேர்க்குமா?

உதகையிலோ கோடைக்கானலிலோ மலைச்சரிவில் பரந்து கிடக்கும் பச்சைப் புல்வெளியில், நீண்ட மட்டையால் சிறு வெள்ளைப் பந்தைச் சிலர் ஓங்கி அடிப்பதை நாம் தொலைவில் நின்று பார்த்திருக்கலாம். இதுவே கோல்ஃப் விளையாட்டு. அடிபட்ட பந்து இருநூறு மீட்டர் தொலைவு பறந்து செல்வது கண்ணுக்கு விருந்துதான். ஆனால் ஆட்டம் அங்கே முடிவதில்லை. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டப்பட்ட வழவழப்பான புல்தரை ஒன்று உண்டு. பந்து அங்கே வந்து சேர்ந்ததும் ஆட்டக்காரர் வேறொரு மட்டையைக் கையில் எடுக்கிறார். இனிப் பந்தைப் பறக்கவிடுவதில் பயனில்லை. தரையோடு தரையாக உருட்டிக் குழியில் விழச் செய்ய வேண்டும். இதற்கெனவே உள்ள மட்டைக்குப் 'பட்டர்' என்று பெயர். வெண்ணெய்க்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. குழப்பத்தைத் தவிர்க்க, இக்கட்டுரையில் இதனை 'உருட்டுமட்டை' என்றே வழங்குவோம்.

உருட்டுமட்டை என்பது ஒரு தண்டும் அதன் அடியில் ஓர் உலோகத் தலையும்தான். அமெரிக்கக் கடைகளில் நூறு டாலருக்கும் குறைவாக ஒன்றை வாங்கிவிடலாம். அதே கடையின் கண்ணாடிப் பேழைக்குள் நானூறு, ஐந்நூறு டாலர் விலையுள்ள மட்டைகளும் இருக்கும். புகழ்பெற்ற ஆட்டக்காரரான டைகர் உட்ஸ் தம் 15 பெரும் போட்டி வெற்றிகளில் 14-ஐ ஒரே உருட்டுமட்டையைக் கொண்டு பெற்றார். அதற்கு மாற்றாகச் செய்து வைக்கப்பட்டிருந்த மட்டை ஒன்று 2021-ஆம் ஆண்டில் 3,90,000 டாலருக்கும் மேல் ஏலம் போயிற்று.

விலை ஐந்து மடங்கானால் பந்தும் ஐந்து மடங்கு ஒழுங்காகக் குழியில் விழுமா? கோல்ஃப் ஆடாத நமக்கும் இக்கேள்வி தேவையானதே. ஒரு பொருளின் விலைக்கும் அதன் செயலுக்கும் உள்ள உறவை அளந்து பார்ப்பது எப்படி என்பதற்கு உருட்டுமட்டை நல்ல எடுத்துக்காட்டு. பள்ளி இயற்பியலே இதற்குப் போதும்.

குழி எவ்வளவு பெரியது?

கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லி மீட்டர். பந்தின் விட்டம் 42.7 மி.மீ.; அதன் நிறை 46 கிராமுக்குச் சற்றுக் குறைவு. மெதுவாக உருண்டு வரும் பந்தின் மையம் குழியின் விளிம்புக்கு உட்புறமாகச் சென்றால் போதும், பந்து உள்ளே விழுந்துவிடும். ஆகவே குழியின் நடுவிலிருந்து இடப்புறம் 54 மி.மீ., வலப்புறம் 54 மி.மீ. வரை பிழை மன்னிக்கப்படும்.

இதைக் கோணமாக மாற்றிப் பார்ப்போம். மூன்று மீட்டர் தொலைவில் ஒரு பாகை விலகினால் பந்து 52 மி.மீ. தள்ளிச் செல்லும். அதாவது மூன்று மீட்டர் உருட்டலில் நமக்குக் கிடைக்கும் சலுகை ஏறத்தாழ ஒரே ஒரு பாகை. ஆறு மீட்டரில் அது அரைப் பாகையாகக் குறைந்துவிடும். கடிகாரத்தின் நிமிட முள் பத்து நொடியில் நகரும் கோணம் ஒரு பாகை என்பதை நினைத்துக்கொண்டால், இது எவ்வளவு நுட்பமான செயல் என்பது விளங்கும்.

இது மெதுவாக வரும் பந்துக்கான கணக்கு. வேகமாக வரும் பந்து குழியைத் தாண்டிப் போய்விடும். குழியின் மறுகரையை அடைவதற்குள் பந்து தன் ஆரத்தின் அளவாவது, அதாவது 21 மி.மீ., கீழே இறங்கியாக வேண்டும். தடையின்றி விழும் பொருள் அவ்வளவு இறங்க நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பந்து கடக்கக்கூடிய தொலைவு 87 மி.மீ. வகுத்துப் பார்த்தால் நொடிக்கு 1.3 மீட்டர் என்னும் வேகம் கிடைக்கிறது. பந்து மறுகரையில் மோதித் துள்ளி உள்ளே விழுவதையும் சேர்த்து பிரையன் ஹோம்ஸ் என்னும் இயற்பியலறிஞர் 1991-ஆம் ஆண்டில் விரிவாகக் கணக்கிட்டார். குழியின் நடுவை நோக்கி வரும் பந்துக்கு நொடிக்கு 1.63 மீட்டர் என்பதே எல்லை என்று அவர் காட்டினார். நடுவிலிருந்து விலகி வரும் பந்துக்கு இந்த எல்லை இன்னும் குறையும்.

எனவே பந்து குழியில் விழ, திசையும் வேகமும் ஒருசேரப் பொருந்த வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரர்களே 2.4 மீட்டர் தொலைவிலிருந்து உருட்டினால் பாதி முறைதான் வெற்றி பெறுகிறார்கள். ஆறு மீட்டரிலிருந்து உருட்டினால் ஏழு முறைக்கு ஒரு முறையே பந்து குழியில் விழுகிறது.

பிழை எங்கிருந்து வருகிறது?

உருட்டல் தவறுவதற்கான காரணங்களை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, மட்டையின் முகப்பு சரியான திசையை நோக்காமல் சற்றுத் திரும்பியிருப்பது. இரண்டாவது, அடியின் வேகம் கூடுவது அல்லது குறைவது. மூன்றாவது, பந்து முகப்பின் நடுவில் படாமல் ஓரத்தில் படுவது. நான்காவது, தரையின் சரிவைத் தவறாகக் கணிப்பது.

விலை உயர்ந்த மட்டைகளைப் பற்றிய விளம்பரங்கள் பெரும்பாலும் மூன்றாவது பிழையையே பேசுகின்றன. 'நடுவில் படாவிட்டாலும் பரவாயில்லை. எங்கள் மட்டை திரும்பாது' என்பதே அவற்றின் சாரம். அந்தக் கூற்றில் உண்மை உண்டா என்று முதலில் பார்ப்போம்.

ஒரு பொறியாளரின் கண்டுபிடிப்பு

பந்து மட்டைத் தலையின் நடுவில் மோதினால் தலை திரும்புவதில்லை. ஓரத்தில் மோதினால் தலை தன் பொருண்மை மையத்தைச் சுற்றிச் சற்றுத் திரும்பும். அப்போது பந்துக்குப் போய்ச் சேர வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி தலையைத் திருப்புவதில் செலவாகிவிடும். பந்து குழியை எட்டாமல் நின்றுவிடும். திரும்புவதை எதிர்க்கும் பண்பையே நாம் நிலைமத் திருப்புத்திறன் என்கிறோம். நேர்கோட்டு இயக்கத்தில் நிறை செய்யும் வேலையைச் சுழற்சியில் இது செய்கிறது.

நிறை எவ்வளவு என்பதோடு, அது மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் இங்கே முக்கியம். தொலைவு இரு மடங்கானால் திருப்புத்திறன் நான்கு மடங்காகும். இதைச் செய்து பார்ப்பது எளிது. ஒரே அளவுள்ள இரண்டு மர அளவுகோல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் நடுவில் நான்கு நாணயங்களை ஒட்டுங்கள். மற்றொன்றின் இரு முனைகளிலும் இரண்டிரண்டாக ஒட்டுங்கள். எடை இரண்டிற்கும் ஒன்றே. ஒவ்வொன்றையும் நடுவில் விரல்களால் பிடித்து இடமும் வலமுமாக வேகமாகத் திருப்பிப் பாருங்கள். முனைகளில் நாணயம் உள்ள கோல் எதிர்ப்பதைக் கை உடனே உணரும்.

இந்த எளிய உண்மையை உருட்டுமட்டையில் வெற்றியோடு புகுத்தியவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வே நாட்டில் 1911-இல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த இவர், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தார். நாற்பது வயதைக் கடந்த பிறகே கோல்ஃப் ஆடத் தொடங்கினார். உருட்டுமட்டை தம்மை ஏமாற்றுவதைக் கண்டு, 1959-இல் கலிஃபோர்னியாவில் தம் வீட்டுக் கார்க் கொட்டகையில் ஒரு மட்டையைச் செய்தார். தலையின் நடுவில் நிறையைக் குறைத்து இரு முனைகளுக்கும் ஒதுக்கினார். பந்தை அடித்தபோது அது 'பிங்' என்று ஒலித்தது; அதுவே அவர் நிறுவனத்தின் பெயராயிற்று. 1966-இல் அவர் உருவாக்கிய 'ஆன்சர்' என்னும் வடிவம் உலகப் புகழ் பெற்றது. முதல் வரைபடத்தை ஓர் இசைத்தட்டின் உறைமீது வரைந்தாராம். காப்புரிமைக் காலம் முடிந்தபின் அவ்வடிவத்தைப் பல நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. இன்று கண்ணாடிப் பேழையில் இருக்கும் விலை உயர்ந்த மட்டைகளிலும், மூலையில் கிடக்கும் மலிவான மட்டைகளிலும் பெரும்பாலும் அவ்வடிவத்தின் சாயலைக் காணலாம். டைகர் உட்ஸின் மட்டையும் அந்த மரபில் வந்ததே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

முனைகளுக்கு நிறையை ஒதுக்குவதால் எவ்வளவு நன்மை? மட்டைத் தலையின் நிறை 350 கிராம் என்று கொள்வோம். மூன்று மட்டைகளை ஒப்பிடுவோம். முதலாவது, பழங்கால மெல்லிய தகடு போன்றது. அதன் திருப்புத்திறன் 2500 கிராம்-சதுர செ.மீ. என்று கொள்ளலாம். இரண்டாவது சோல்ஹைம் வகை, 4000. மூன்றாவது பின்புறம் நீண்டு அகன்ற இக்காலப் பெருந்தலை மட்டை, 8000. பத்து மீட்டர் தொலைவிலுள்ள குழியை நோக்கி மூன்றாலும் சரியான வேகத்தில் அடிக்கிறோம். ஆனால் பந்து நடுவிலிருந்து 2 செ.மீ. தள்ளி மோதுகிறது. உந்த அழிவின்மை விதியையும் கோண உந்த அழிவின்மை விதியையும் கொண்டு கணக்கிட்டால் கிடைக்கும் முடிவுகள் இவை:

பழைய தகடு: பந்து 118 செ.மீ. குறைவாகச் சென்று நிற்கும்.
சோல்ஹைம் வகை: 77 செ.மீ. குறையும்.
பெருந்தலை மட்டை: 40 செ.மீ. குறையும்.

விளம்பரம் பொய் சொல்லவில்லை என்பது தெரிகிறது. ஆனால் 2 செ.மீ. என்பது பெரிய பிழை; ஏறத்தாழப் பந்தின் ஆரத்துக்குச் சமம். ஓரளவு பழகியவர் அவ்வளவு தவறுவது குறைவு. 1 செ.மீ. பிழைக்கு இதே கணக்கைப் போட்டால் குறைவு முறையே 32, 20, 10 செ.மீ. மட்டுமே. தகட்டிலிருந்து சோல்ஹைம் வகைக்கு மாறியதில் 12 செ.மீ. மிச்சம், அங்கிருந்து பெருந்தலை மட்டைக்கு மாறியதில் மேலும் 10 செ.மீ. மிச்சம்.

இப்போது இரண்டாவது வகைப் பிழையை எடுத்துக்கொள்வோம். பந்து நடுவிலேயே படுகிறது. ஆனால் அடியின் வேகம் தேவையைவிட 5 விழுக்காடு கூடிவிட்டது. பந்து செல்லும் தொலைவு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே தொலைவு 10 விழுக்காடு கூடும். பத்து மீட்டரில் அது முழுதாக ஒரு மீட்டர். மட்டை மாற்றத்தால் மிச்சமான 10 செ.மீ. எங்கே, கை தவறியதால் வந்த 100 செ.மீ. எங்கே! இந்தப் பிழையை எந்த மட்டையும் திருத்தாது. ஆட்டக்காரரின் பயிற்சியே திருத்தும்.

திசை என்னவாகும்? பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் மட்டை அதிகம் திரும்ப முடியாது. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பந்து புறப்படுகிறது, 2 செ.மீ. ஓரமாகப் படுகிறது என்று வைத்துக்கொண்டால், சோல்ஹைம் வகை மட்டையின் முகப்பு அந்த நேரத்தில் சராசரியாகத் திரும்பும் கோணம் பாகையில் பதினைந்தில் ஒரு பங்கே. மூன்று மீட்டரில் அது 3 அல்லது 4 மி.மீ. விலகல். குழியின் சலுகையோ 54 மி.மீ. எனவே திருப்புத்திறன் கூடிய மட்டை தூரத்தைக் காக்கும். திசையை அது காப்பது மிகச் சிறிதளவே. நம் கணக்கில் தண்டின் விளைவை விட்டுவிட்டோம். ஆயினும் எண்களின் அளவு இதுதான்.

தரை செய்யும் விளையாட்டு

நான்காவது பிழை மட்டைக்கு முற்றிலும் அப்பாற்பட்டது. புல்தரையின் வேகத்தை அளக்க ஒரு கருவி உண்டு. அமெரிக்காவில் ஓக்மான்ட் திடலில் 1935-இல் நடந்த போட்டியைக் கண்ட எட்வர்டு ஸ்டிம்ப்சன் என்பவர் அதை வகுத்தார். பள்ளமுள்ள ஒரு கோலைச் சாய்த்து, அதிலிருந்து பந்தை எப்போதும் ஒரே வேகத்தில் தரையில் உருளவிட்டு, அது எவ்வளவு தொலைவு செல்கிறது என்று பார்ப்பதே அதன் முறை. பந்து கோலை விட்டு இறங்கும் வேகம் நொடிக்கு 1.8 மீட்டர். போட்டிக்கு ஆயத்தம் செய்யப்பட்ட தரையில் அது மூன்று மீட்டர் உருளும். இதிலிருந்து அந்தத் தரை பந்துக்குத் தரும் எதிர்முடுக்கம் நொடி வர்க்கத்துக்கு 0.55 மீட்டர் என்று பெறலாம்.

இப்படிப்பட்ட தரை பக்கவாட்டில் ஒரே ஒரு பாகை சரிந்திருக்கட்டும். ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒன்றே முக்கால் செ.மீ. தாழ்வு, கண்ணுக்கு எளிதில் புலப்படாது. அதன்மேல் மூன்று மீட்டர் உருளும் பந்து, நின்றுவிடுவதற்குள் ஏறத்தாழ 33 செ.மீ. பக்கவாட்டில் வளைந்து செல்லும். குழியின் அகலத்தைப்போல் அது மூன்று மடங்கு! மட்டையின் நிலைமம் 4 மி.மீ. பிழையைக் குறைக்கப் பாடுபடும்போது, தரை 330 மி.மீ. இழுத்துவிடுகிறது. சரிவைப் படிக்கும் கண்ணைக் கடையில் வாங்க முடியாது.

'உடனே உருளும்' என்னும் கூற்று

சில மட்டைகளின் முகப்பில் நுண்ணிய வரிப்பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். அல்லது மென்மையான வேறொரு பொருளைப் பதித்திருப்பார்கள். 'இதனால் பந்து சறுக்காமல் உடனே உருளத் தொடங்கும்' என்பது விளம்பரம்.

அடிபட்ட பந்து முதலில் சுழலாமல் தரையில் சறுக்குகிறது என்பது உண்மை. தரையின் உராய்வு அதன் வேகத்தைக் குறைத்து, சுழற்சியைக் கூட்டிக்கொண்டே போகும். இரண்டும் பொருந்தும் கணத்தில் சறுக்கல் நின்று தூய உருளல் தொடங்கும். அப்போது பந்தின் வேகம் புறப்பட்ட வேகத்தில் சரியாக ஏழில் ஐந்து பங்காக இருக்கும். இதில் ஒரு வியப்பு உண்டு. புல் ஈரமாக இருந்தாலும் உலர்ந்திருந்தாலும், உராய்வு கூடினாலும் குறைந்தாலும் இந்த ஏழில் ஐந்து மாறாது. சறுக்கும் தொலைவு மட்டுமே மாறும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் புறப்படும் பந்துக்கு உராய்வுக் கெழு 0.4 என்றால், சறுக்கல் கால் மீட்டரில் முடிந்துவிடும்.

முகப்பின் பள்ளங்கள், உருளலுக்குத் தேவையான சுழற்சியில் பத்தில் ஒரு பங்கைப் பந்துக்குத் தொடக்கத்திலேயே தந்துவிட்டதாகக் கொள்வோம். உருளத் தொடங்கும் வேகம் நான்கு விழுக்காடு கூடும். பயன்? பந்து சற்றுக் கூடுதலாக ஓடும். அதற்கேற்ப ஆட்டக்காரர் சற்று மெதுவாக அடிக்கப் பழகிக்கொள்வார். எப்போதும் ஒரே அளவில் நிகழும் மாற்றம் எதுவாயினும் கை அதைக் கற்றுக்கொள்ளும். துல்லியத்தைக் கெடுப்பது அடிக்கு அடி மாறும் வேறுபாடுதான். ஓரத்தில் பட்டாலும் வேகம் குறையாதபடி பள்ளங்களின் அகலத்தை இடத்துக்கு இடம் மாற்றி அமைத்த மட்டைகளும் உண்டு. அவை மேலே கண்ட மூன்றாவது பிழையைத்தான் வேறு வழியில் குறைக்க முயல்கின்றன.

அண்மையில் வந்த ஒரு புதுமை

முதல் வகைப் பிழையான முகப்பின் திசையைத் தொடும் மாற்றம் ஒன்று அண்மை ஆண்டுகளில் பரவி வருகிறது. பெரும்பாலான உருட்டுமட்டைகளில் தலையின் பொருண்மை மையம் தண்டின் அச்சில் அமைவதில்லை. ஆகவே கை மட்டையை வீசும்போது தலை தானாகவே திரும்பப் பார்க்கும். கை அதை அடக்கிச் செல்ல வேண்டும். தண்டின் அச்சையும் பொருண்மை மையத்தையும் ஒன்றுசேர்த்தால் இந்தத் திருப்பு விசை இல்லாமற் போகும். இவ்வகை மட்டையைக் கொண்டுதான் ஜே.ஜே. ஸ்பான் என்னும் அமெரிக்கர் 2025-ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் பட்டத்தை, அதே ஓக்மான்ட் திடலில் வென்றார். கடைசிக் குழியில் இரண்டு உருட்டல்களில் முடித்தாலே வெற்றி என்ற நிலையில், ஏறத்தாழ 20 மீட்டரிலிருந்து ஒரே உருட்டலில் பந்தைக் குழிக்குள் அனுப்பினார்.

இயற்பியல் நோக்கில் இது பொருளுள்ள மாற்றமே. ஒரு பாகைக்குள் அடங்க வேண்டிய கோணத்தை இது தொடுகிறது. ஆனால் கருத்து விலையைச் சார்ந்ததன்று. தொடக்கத்தில் விலை மிகுந்து வந்த இவ்வகையை இப்போது வேறு பல நிறுவனங்களும் செய்யத் தொடங்கியுள்ளன. சோல்ஹைமின் வடிவத்துக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்து வருகிறது. மேலும், பழைய மட்டையின் திருப்பத்துக்குப் பல்லாண்டு பழகிய கைக்கு, திரும்பாத மட்டை முதலில் தொல்லையாகவும் இருக்கலாம்.

மட்டையே இல்லாத ஆட்டம்

பென் கிரென்ஷா என்னும் அமெரிக்கர், சிறந்த உருட்டல் வல்லுநர் எனப் பெயர் பெற்றவர். பதின்பருவத்தில் தமக்குக் கிடைத்த, இருபது டாலர் விலையுள்ள மெல்லிய தகட்டு மட்டையைக் கொண்டே 1984-இல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். மேலே நம் கணக்கில் கடைசி இடம் பெற்ற வகை அது.

1987-ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்தில் ரைடர் கோப்பைப் போட்டி நடந்தது. ஆறாவது குழியில் சினத்தால் கிரென்ஷா தம் உருட்டுமட்டையை உடைத்துக்கொண்டார். விதிப்படி மாற்று மட்டை எடுக்க முடியாது. எஞ்சிய பன்னிரண்டு குழிகளிலும், நெடுந்தூர அடிக்கான இரும்பு மட்டையையும், மணற்குழியிலிருந்து பந்தை எடுக்கும் மட்டையின் விளிம்பையும் கொண்டு உருட்டினார். பின்தங்கியிருந்த அவர் ஆட்டத்தைக் கடைசிக் குழி வரை இழுத்துச் சென்று, அங்கேதான் தோற்றார். ஓர் ஆட்டத்தைக் கொண்டு விதி வகுக்க முடியாது. ஆயினும் திறமை கருவியில் எவ்வளவு, கையில் எவ்வளவு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

நம்பிக்கையும் தற்செயலும்

'புதிய மட்டை வாங்கினேன். அன்றே நன்றாக உருட்டினேன்' என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு.

ஒன்று மனம். வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 41 மாணவர்களிடம் ஒரே மட்டையைக் கொடுத்து உருட்டச் சொன்னார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும் 'இது ஒரு பெரிய ஆட்டக்காரர் பயன்படுத்தியது' என்று கூறினார்கள். அப்பிரிவினர் குழியைப் பெரிதாகக் கண்டதோடு, பத்தில் சராசரியாக ஒன்றுக்கு மேல் கூடுதலாகக் குழியில் இட்டார்கள் என்று 2011-இல் வெளியான அவ்வாய்வு கூறுகிறது. எண்ணிக்கை சிறியது, ஆகவே முடிவை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். ஆயினும் விலைச்சீட்டும் மனத்தின் வழியே கைக்கு எட்டக்கூடும் என்பதை ஒதுக்கிவிட முடியாது.

மற்றொன்று தற்செயல். பாதி முறை வெற்றி பெறும் தொலைவிலிருந்து பத்துப் பந்துகளை உருட்டுகிறீர்கள். இது நாணயத்தைப் பத்து முறை சுண்டுவது போன்றது. ஏழு அல்லது அதற்கு மேல் வெற்றி கிடைக்கும் வாய்ப்பு 1024-இல் 176. அதாவது ஏறத்தாழ ஆறில் ஒன்று. மட்டை எதுவாயினும் ஆறு பேரில் ஒருவர் கடையிலேயே மகிழ்ந்து பணத்தை எடுத்து நீட்டுவார்! நூறு முறை உருட்டினாலும் எண்ணிக்கை ஐம்பதிலிருந்து ஐந்து கூடுவதும் குறைவதும் இயல்பே. ஆகவே நூற்றுக்கு மூன்று கூடுதலாக வெற்றி தரும் மட்டையைச் சாதாரண மட்டையிலிருந்து பிரித்தறிய, ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான முறை உருட்டிப் பார்க்க வேண்டும். கடையில் அத்தகைய ஆய்வை யாரும் செய்வதில்லை.

முடிவாக

விலை உயர்ந்த உருட்டுமட்டையில் பணத்துக்குக் கிடைப்பது என்ன? ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த வேலைப்பாடு, நல்ல மெருகு, அடிக்கும்போது எழும் இனிய ஒலி, கையில் தரும் உணர்வு, பெயர். இவற்றை விரும்பி வாங்குவதில் தவறில்லை. வசதியுள்ளவர் நல்ல கைக்கடிகாரத்தை வாங்குவதும் நேரம் பார்க்க மட்டுமன்று. ஆனால் பந்து குழியில் விழுவதற்கு வேண்டிய இயற்பியல் 1966-ஆம் ஆண்டு வடிவத்திலேயே பெரும்பகுதி அடங்கிவிட்டது. அது இன்று மலிவாகவே கிடைக்கிறது. அதற்குமேல் கூடும் ஒவ்வொரு டாலருக்கும் கிடைக்கும் பயன் செ.மீ. கணக்கில் சுருங்கிக்கொண்டே போகிறது.

உயரத்துக்கும் நிற்கும் முறைக்கும் ஏற்ற தண்டின் நீளம், முகப்பைக் கண் எளிதில் குறிக்கு நேராக்கக்கூடிய வடிவம், முனைகளுக்கு ஒதுக்கிய நிறை ஆகிய மூன்றும் இருந்தால் மட்டை போதுமானது. மிச்சமான பணத்தைவிட மிச்சமான நேரமே பெரிது. அதைப் புல்தரையில் வேகத்தைப் பழகவும் சரிவைப் படிக்கவும் செலவிட்டால், 10 செ.மீ. அல்ல, 100 செ.மீ. பிழையே குறையும்.

அடுத்த முறை காலணியோ, மிதிவண்டியோ, கிரிக்கெட் மட்டையோ வாங்கப் போகும்போது இந்த முறையை நீங்களும் கையாளலாம். பிழை எத்தனை வகை என்று பிரியுங்கள். ஒவ்வொன்றின் அளவையும் எண்ணால் எழுதுங்கள். விற்பவர் குறைத்துத் தருவதாகச் சொல்வது அவற்றுள் எது, அது எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். விலைச்சீட்டைப் பார்ப்பது அதன் பிறகு இருக்கட்டும்.